பாட்டியின் நிறமும் ஒரு புத்தகமும்

உங்கள் வீட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த வண்ணப் புகைப்படம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் படம் முழுவதும் செங்காவி பூசினாற்போல இருக்கும். கறுத்த தலைமுடி செம்பழுப்பாகத் தெரியும். வெள்ளைச் சட்டையில் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படியா இருந்தார்கள்? இல்லை. படம்தான் மாறிவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு படத்தைத் திருத்தப் போய் ஒரு மாணவி பட்ட பாட்டை இங்கே சொல்லப் போகிறேன். கணிப்பொறியில் படத்தைத் திருத்தவும் நிறத்தைச் சரிசெய்யவும் கற்றுத் தரும் நூல்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. அவற்றுள் நல்ல நூலைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை அவள் கதையிலிருந்தே நாம் தெரிந்துகொள்ளலாம்.

மறைமலை நகரில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி அவள். அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு படம் கிடைத்தது. 1983-ஆம் ஆண்டு நடந்த பாட்டி தாத்தா திருமணப் படம். பாட்டி இப்போது இல்லை. அவருடைய இளம் வயது வண்ணப்படம் அது ஒன்றுதான். அதைச் சரிசெய்து சட்டம் போட்டு அம்மாவின் பிறந்த நாளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. படத்தை ஸ்கேனரில் வைத்துக் கணிப்பொறியில் ஏற்றினாள். வழவழப்பான அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றையும் வாங்கினாள்.

பழைய படத்தில் செம்மை படர்ந்திருந்தால் சிவப்பில் நாற்பதைக் குறைக்க வேண்டும், பிறகு முகத்தை மட்டும் தேர்ந்து பளிச்சென்று ஆகும்வரை ஒளியைக் கூட்ட வேண்டும் என்று அந்தப் புத்தகம் சொல்லிற்று. அவளும் அப்படியே செய்தாள். சட்டை நீலம் பாரித்தது. தலைமுடியில் சிவப்பு முழுதும் போகவில்லை. பாட்டியின் முகமோ பவுடர் அப்பியது போல வெளுத்துவிட்டது.

படத்தைப் பார்த்த அம்மா, "நல்லாத்தான்டி இருக்கு. ஆனா இது எங்க அம்மா நிறமே இல்லையே!" என்றார்.

தவறு மாணவியுடையதா, புத்தகத்தினுடையதா? இதற்கு விடை காண, முதலில் படம் ஏன் சிவந்தது என்பதைப் பார்ப்போம்.

நிறம் ஏன் மாறிற்று?

நம் கண்ணின் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகைப்படும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை வெவ்வேறு அளவில் கலந்தால் நாம் காணும் நிறங்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்கிவிடலாம். ஸ்காட்லாந்து நாட்டு இயற்பியல் அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861-ல் இதைச் செய்து காட்டினார். கட்டம் போட்ட துணி நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுக்கச் செய்து, மூன்று படங்களையும் அதே நிற ஒளிகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். திரையில் வண்ணப்படம் தோன்றிற்று. இன்று உங்கள் கைபேசித் திரையில் தெரியும் படமும் இந்த மூன்று ஒளிகளால் ஆனதே.

காகிதத்தில் அச்சாகும் வண்ணப்படம் வேறு வழியில் செல்கிறது. அதில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக உள்ளன. சயான் என்னும் வெளிர்நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும். மெஜந்தா என்னும் செந்நீலச் சாயம் பச்சை ஒளியை விழுங்கும். மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும். விழுங்கப்படாமல் திரும்பி வரும் ஒளியே நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது.

அந்தக் காலத்து வண்ணக் காகிதங்கள் பலவற்றில், இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் சிதைவது சயான் சாயம்தான். வெப்பமும் ஈரப்பதமும் இந்தச் சிதைவை விரைவாக்கும். சென்னையின் தென்புறத்து வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். டிரங்குப் பெட்டிக்குள் நாற்பது கோடைகள்! சயான் குறைந்ததும் சிவப்பு ஒளியை விழுங்க ஆளில்லை. அது அப்படியே திரும்பி வருகிறது. படம் சிவந்துவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கறுத்த முடி உள்ள இடத்தில் சாயம் நிறைய இருந்தது. ஆகவே அங்கே இழப்பும் பெரிது. வெள்ளைச் சட்டை உள்ள இடத்தில் சாயமே மிகக் குறைவு. ஆகவே இழப்பும் சிறிது. ஒரே படத்தில் இருண்ட இடம் அதிகமாகவும் வெளிச்சமான இடம் குறைவாகவும் சிவக்கிறது. இந்த ஒரு செய்தியை அந்தத் தடித்த புத்தகம் சொல்லவே இல்லை.

திரைப்படச் சுருளிலும் இதே தொல்லை உண்டு. 1964-ல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தைப் பிற்காலத்தில் டிஜிட்டல் முறையில் செப்பனிட்டு 2012-ல் மீண்டும் திரையிட்டார்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அத்தகைய வேலையிலும் அடிப்படை, நாம் இப்போது பார்க்கப் போகும் கணக்கே.

மூன்று எண்களும் ஒரு நேர்கோடும்

டிஜிட்டல் படம் பிக்சல் என்னும் சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரணப் படக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. மூன்றும் சமமாக இருந்தால் நிறச் சாயல் இல்லாத சாம்பல். இந்த மூன்று எண்களைக் கொண்டு 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம்.

மாணவியின் படத்தில் எண்கள் இவ்வாறு இருந்தன:

தலைமுடி: சிவப்பு 110, பச்சை 40, நீலம் 40.
வெள்ளைச் சட்டை: சிவப்பு 235, பச்சை 215, நீலம் 215.
பாட்டியின் முகம்: சிவப்பு 200, பச்சை 115, நீலம் 85.

கறுத்த முடியிலும் வெள்ளைச் சட்டையிலும் மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். முடியில் சிவப்பு 70 கூடியிருக்கிறது. சட்டையில் 20 மட்டுமே கூடியிருக்கிறது. புத்தகம் சொன்னபடி எல்லா இடத்திலும் 40-ஐக் கழித்தால் என்ன ஆகும்? முடி 70, 40, 40 ஆகும். சிவப்பு இன்னும் மிச்சம். சட்டை 195, 215, 215 ஆகும். இப்போது சிவப்பு பற்றாமல் நீலம் பாரிக்கும். அவள் கண்ட விளைவு இதுதான் அல்லவா?

சரியான வழி என்ன? 110 என்பது 40 ஆக வேண்டும். 235 என்பது 215 ஆக வேண்டும். இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டால் ஒரு நேர்கோடு கிடைத்துவிடும் என்று கணித வகுப்பில் படித்திருக்கிறீர்கள். கோட்டின் சாய்வு (215 − 40) ÷ (235 − 110), அதாவது 175 ÷ 125 = 1.4. ஆகவே, புதிய சிவப்பு = 1.4 × பழைய சிவப்பு − 114.

முகத்தில் 200 இருந்தது. 1.4 × 200 = 280. அதில் 114 போனால் 166. முகம் 166, 115, 85 ஆகிறது. அழகான மாநிறம்! பச்சை, நீல எண்களை நாம் தொடவே இல்லை. உண்மையில் மற்றச் சாயங்களும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அவற்றுக்கும் இதே முறையில் தனித்தனிக் கோடுகள் போட வேண்டும். படத்திருத்த மென்பொருளில் 'லெவல்ஸ்', 'கர்வ்ஸ்' என்ற பெயரில் இருக்கும் கருவிகள் செய்வது இதைத்தான். 'லெவல்ஸ்' பெரும்பாலும் கோட்டின் இரு முனைகளை நகர்த்துகிறது. 'கர்வ்ஸ்' கோட்டை நாம் விரும்பியபடி வளைக்க இடம் தருகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 40-ஐக் கழித்தபோதே பாட்டியின் முகம் 160, 115, 85 ஆகியிருக்கும். சரியான விடைக்கு அது நெருக்கம்தான். அத்தோடு நின்றிருந்தால் முகம் கெட்டிருக்காது. முகத்தைப் 'பளிச்சென்று' ஆக்கச் சொன்ன அடுத்த அடிதான் பாட்டியை வேறு ஆளாக்கிவிட்டது.

ஆக, நமக்கு வேண்டிய நூல் எது? சாம்பார்ப் பொடி இரண்டு தேக்கரண்டி என்று அளவு மட்டும் சொல்லும் நூல் போதாது. குழம்பு நீர்த்திருந்தால் ஏன் நீர்த்தது என்று சொல்லும் நூல் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஆறு கேள்விகள் இருக்கின்றன. கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே பத்து நிமிடத்தில் இவற்றைக் கேட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் கேள்வி: காரணம் சொல்கிறதா?

வெள்ளைச் சமநிலை பற்றிய அத்தியாயத்தைத் திறவுங்கள். குண்டு பல்பின் ஒளி மஞ்சள் கலந்தது. அதன் நிற வெப்பநிலை சுமார் 2,700 கெல்வின். நண்பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். மர நிழலில் அதைவிடக் கூடுதல். நம் மூளை இதைத் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. அதனால் வெள்ளைத் தாள் எந்த விளக்கின்கீழும் நமக்கு வெள்ளையாகவே படுகிறது. கேமராவுக்கு அந்தத் திறமை கணக்குப் போட்டுத்தான் வர வேண்டும். இதை ஒரு பக்கத்திலாவது விளக்கிவிட்டு, பிறகு பொத்தானைக் காட்டுகிறதா நூல்? ஆம் என்றால் அது மேலே படிக்கத் தக்கது. எடுத்த எடுப்பில் இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பொத்தானை அழுத்து என்று போனால் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: எண்ணைப் பார்க்கக் கற்றுத் தருகிறதா?

கண்ணை மட்டும் நம்பி நிறம் திருத்த முடியாது. சிவந்த படத்தையே ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். பிறகு சரியான படமே பச்சையாகத் தோன்றும். போதாக்குறைக்குக் கைபேசியிலும் கணிப்பொறியிலும் இரவில் திரையை மஞ்சளாக்கும் ஏற்பாடு வேறு இருக்கிறது. அதை அணைக்காமல் நிறம் திருத்துவது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவருக்கு வண்ணம் தேர்வது போலாகும்.

ஆகவே நல்ல நூல், படத்தில் எது நிறச் சாயல் இல்லாத பொருள் என்று முதலில் தேடச் சொல்லும். அந்த இடத்தின் மூன்று எண்களைப் படிக்கச் சொல்லும். எதை நம்பக்கூடாது என்றும் எச்சரிக்கும். நம் கல்யாணப் படத்தில் தாத்தா பட்டு வேட்டி கட்டியிருந்தார். பட்டு வேட்டி வெள்ளை அன்று. இயல்பிலேயே அது இளமஞ்சள். அதை வெள்ளையென்று நினைத்து மூன்று எண்களையும் சமமாக்கினால் படம் முழுவதும் நீலமாகிவிடும். அதனால்தான் பருத்திச் சட்டையை எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க ஆசிரியர் டான் மார்குலிஸ் எழுதிய 'ப்ரொஃபெஷனல் ஃபோட்டோஷாப்' என்ற நூலின் முதல் பதிப்பு 1994-ல் வந்தது. எண்களைப் படித்து, வளைகோட்டால் நிறம் திருத்தும் முறையை விரிவாகச் சொன்ன நூல் அது. கல்லூரி மாணவருக்கு உரிய கனமான நூல். ஆயினும் நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி.

மூன்றாம் கேள்வி: மூலப் படத்தைக் காக்கச் சொல்கிறதா?

நம் மாணவி செய்த பெரிய பிழை ஒன்றை இன்னும் சொல்லவில்லை. திருத்திய படத்தைப் பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்துவிட்டாள். ஸ்கேன் செய்த மூலம் போயிற்று. நல்லவேளை, காகிதப்படம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. மீண்டும் ஸ்கேன் செய்ய முடிந்தது. கைபேசியில் எடுத்த படமாக இருந்திருந்தால் என்ன செய்வது?

இதில் அறிவியலும் இருக்கிறது. ஒரு புள்ளியின் எண்ணை 240-லிருந்து 270 ஆக்கப் பார்த்தால், 255-க்கு மேல் இடமில்லை. அது 255-லேயே நின்றுவிடும். பக்கத்தில் 250 இருந்த புள்ளியும் 255-லேயே நிற்கும். இரண்டுக்கும் இருந்த வேறுபாடு அழிந்துவிடும். பிறகு எவ்வளவு குறைத்தாலும் அது திரும்பி வராது. சட்டையின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டு ஆவது இப்படித்தான். எனவே மூலத்தைத் தொடாமல், திருத்தத்தை மேலே தனி அடுக்காக வைக்கும் முறையை நூல் முதல் சில அத்தியாயங்களிலேயே சொல்ல வேண்டும். கடைசி அத்தியாயத்தில் சொன்னால் அதற்குள் எத்தனை படங்கள் பாழாகியிருக்குமோ!

நான்காம் கேள்வி: படங்களில் இருப்பவை யார் முகங்கள்?

இது மிக முக்கியமான கேள்வி. நூலைப் புரட்டி, அதில் உள்ள முகங்களை எண்ணுங்கள். எல்லாம் வெள்ளைத் தோல் முகங்களா? கறுத்த, மாநிற முகங்கள் எத்தனை?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் நிலையங்களுக்கு ஒப்பீட்டு அட்டை ஒன்றை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஆனால் அதே அமைப்பில் கறுத்த தோல் கொண்டவரின் முகம் விவரம் இல்லாத இருட்டாக விழுந்துவிடும். பலவகைத் தோல் நிறம் கொண்டவர்களைக் காட்டும் அட்டை 1990-களில்தான் வந்தது. அளவுகோலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அளப்பது எப்படிச் சரியாகும்?

தோல் நிறத்தைப் பற்றி எளிய உண்மை ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில், எந்த நாட்டு மனிதரின் தோலிலும் சிவப்பு எண்ணே பெரியது. பச்சை அடுத்தது. நீலம் எல்லாவற்றிலும் சிறியது. கறுத்தவர்க்கும் சிவந்தவர்க்கும் இந்த வரிசை ஒன்றே. வேறுபடுவது முக்கியமாக ஒளியின் அளவுதான். தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி கூடினால் ஒளி குறைவாகத் திரும்பும். ஆக, ஒரு முகத்தின் நிறத்தில் பச்சை ஏறிவிட்டதா என்று பார்ப்பது திருத்தம். கறுத்த முகத்தை வெளுக்கச் செய்வது திருத்தம் ஆகாது. அது ஆளை மாற்றுவது. வெளுப்பே அழகு என்று சொல்லாமல் சொல்லும் நூலை நம்பித்தான் மாணவி தன் பாட்டியைத் தொலைத்தாள். இத்தகைய நூல் பள்ளி ஆண்டு மலர்ப் படத்தைத் திருத்தும் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் கேள்வி: அச்சு எப்படி இருக்கிறது?

மலிவுப் பதிப்பு என்று கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட நூலை வாங்கிவிடாதீர்கள். சிவந்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியக்கூடும். 'திருத்தத்துக்கு முன்', 'திருத்தத்துக்குப் பின்' என்று போட்ட இரண்டு படங்களும் ஒன்றுபோலவே இருந்தால் எதைக் கற்பது? வண்ண அச்சாக இருந்தாலும், மங்கலாகவோ வண்ணங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியோ இருந்தால் பயன் இல்லை.

திரையில் கண்ட நிறம் காகிதத்தில் ஏன் அப்படியே வருவதில்லை என்பதையும் நூல் சொல்ல வேண்டும். திரை தானே ஒளி வீசுகிறது. காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் தெரியும் பளபளப்பான பச்சை சிலவற்றை அச்சு மையால் காட்டவே முடியாது. இது ஒன்றைப் பற்றியே புரூஸ் ஃபிரேசரும் வேறு இருவரும் சேர்ந்து 'ரியல் வேர்ல்ட் கலர் மேனேஜ்மென்ட்' என்ற பெரிய நூலை எழுதியிருக்கிறார்கள்.

ஆறாம் கேள்வி: எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு?

நூலின் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990-ல் வெளிவந்தது. அடுக்குகள் என்னும் வசதி அதில் 1994-ல் தான் சேர்ந்தது. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருளை இரண்டு கல்லூரி மாணவர்கள் 1995-ல் உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் 3.0 பதிப்பு 2025-ல் வந்தது. பொத்தான் இருக்கும் இடமும் பட்டியலின் பெயரும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பொத்தான்களை மட்டுமே சொல்லும் நூல் மூன்றாண்டில் பழசாகிவிடும்.

ஆனால் பழைய நூல் எல்லாம் வீண் என்று நினைக்காதீர்கள். ஒளி, சாயம், கண், எண், நேர்கோடு ஆகியவற்றைச் சொல்லும் பக்கங்கள் பழசாவதில்லை. ஆன்சல் ஆடம்ஸ் எழுதிய 'தி நெகட்டிவ்' என்ற நூலின் திருத்திய பதிப்பு 1981-ல் வந்தது. அது ஃபிலிம் சுருள் காலத்து நூல். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றியது. ஆயினும் இருண்ட இடத்திலிருந்து வெளிச்சமான இடம் வரை ஒளியை எப்படி அளந்து திட்டமிடுவது என்று அறிய இன்றும் அதைப் படிக்கிறார்கள். எனவே பழைய நூலைப் பார்த்தால், பொத்தான் பக்கங்களை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். நிறைய மிஞ்சினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது?

புத்தகம் வாங்க எல்லாரிடமும் பணம் இருக்காது. அதற்குத்தான் நூலகம் இருக்கிறது. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் உண்டு, அது அவர் கைக்குச் சேர வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். அடுத்த வீட்டுப் பையனுக்கு ஏற்ற நூல் உங்களுக்கு ஏற்காமல் போகலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மறைமலை நகரில் வாழ்வோர் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். இந்த ஊரின் பெயருக்கு உரியவரான மறைமலையடிகள் (1876–1950), இதே இரயில் தடத்தில் உள்ள பல்லாவரத்தில் வாழ்ந்தவர். தம் வீட்டிலேயே ஆயிரக்கணக்கான நூல்களைத் தேடிச் சேர்த்துப் பெரிய நூல்நிலையம் வைத்திருந்தார். அவருடைய பெயர் தாங்கிய ஊரில் நூலைப் பார்த்து எடுக்கத் தெரியவில்லை என்று சொல்லலாமா?

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் முதலில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால், ஒரு விடுமுறை நாளில் சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். டியூயி என்னும் அமெரிக்கர் வகுத்த எண்முறையில் நூல்களை அடுக்கியிருக்கும் நூலகமானால் ஒரு குறிப்பு: புகைப்படக் கலை 770 என்ற எண்ணிலிருந்து தொடங்கும். கணிப்பொறி வரைகலை 006.6 என்ற எண்ணில் இருக்கும். நமக்கு வேண்டிய நூல் இந்த இரண்டு அலமாரிகளில் எதிலும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு இல்லையென்று திரும்பிவிடாதீர்கள். கிம்ப் மென்பொருளுக்கு அதை உருவாக்குவோரே எழுதிய கையேடு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. எந்தப் பொத்தான் எங்கே என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்பதை நூலில் படிக்கலாம்.

மீண்டும் அந்தப் படம்

நம் மாணவி என்ன செய்தாள்? நூலகத்திலிருந்து ஓரம் கிழிந்த பழைய நூல் ஒன்றை எடுத்து வந்தாள். அதில் அவளுடைய மென்பொருளின் பெயரே இல்லை. ஆனால் ஆறு கேள்விகளில் ஐந்துக்கு அது ஆம் என்றது. படத்தை மீண்டும் ஸ்கேன் செய்தாள். மூலத்தை ஒரு பென்டிரைவில் தனியே வைத்துப் பூட்டினாள். முடியிலும் சட்டையிலும் எண்களைப் படித்தாள். வரைபடத் தாளில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கணிப்பொறியில் அந்தக் கோட்டை அமைத்தாள். முடி கறுத்தது. சட்டை வெளுத்தது. பட்டு வேட்டி தன் இளமஞ்சளோடு நின்றது. முகத்தை அவள் தனியே தொடவே இல்லை.

அம்மா வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, "எங்க அம்மா கழுத்துல மஞ்சள் பூசியிருக்காங்க பாரு. இத்தனை வருஷமா அது தெரியவே இல்லையேடி" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள். வீட்டுப் பழைய படம் ஒன்றைக் கைபேசியில் பகல் வெளிச்சத்தில், நிழலோ பளபளப்போ விழாமல் படமெடுங்கள். மூலத்தைத் தனியே வையுங்கள். கறுத்த இடம் ஒன்று, வெள்ளை இடம் ஒன்று தேர்ந்து மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சாயம் எவ்வளவு போயிருக்கிறது என்று அந்த எண்களே சொல்லும். அதன் பிறகு நூல் தேடப் போங்கள். என்ன கேட்பது என்று தெரிந்து போகிறவருக்கு நல்ல நூல் விரைவில் அகப்படும்.